சம்பளச் சீட்டைப் பிள்ளையிடம் காட்டுங்கள்



படிவம் 3 படிக்கும் பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால், அதன் கணிதப் புத்தகத்தை வாங்கி மூன்றாம் பாடத்தைப் புரட்டிப் பாருங்கள். சேமிப்பு, முதலீடு, கடன் என்று போட்டிருக்கும். படிவம் 4 புத்தகத்தின் கடைசிப் பாடம் வரவு செலவைத் திட்டமிடுவது பற்றியது. படிவம் 5இல் காப்புறுதிக்கு ஒரு பாடம், வருமான வரிக்கு ஒரு பாடம். 2017இல் தொடங்கிய இடைநிலைப்பள்ளிப் பாடத்திட்டத்தில் இவை எல்லாப் பிள்ளைகளுக்கும் உண்டு. அறிவியல் பிரிவு, கலைப் பிரிவு என்ற பேதமே கிடையாது.

நாம் படித்த தோட்டப்பள்ளியில் இதெல்லாம் ஏது? ஒரு வியாபாரி நூறு மாம்பழம் வாங்கினான், பத்து அழுகிப் போயிற்று, மிச்சத்தை இன்ன விலைக்கு விற்றான், லாபமா நட்டமா என்று கேட்பார்கள். கணக்கில் வந்தவனெல்லாம் வியாபாரிதான். விடியற்காலையில் பெரட்டுக்கு நின்று பால்மரம் வெட்டப் போனவன் ஒருவனாவது அந்தக் கணக்கில் தலைகாட்டியது உண்டா? நாமும் மாம்பழக் கணக்கைப் போட்டுவிட்டு, சம்பள நாளில் அப்பா கொண்டுவந்த காசை அம்மா எப்படிப் பங்கு பிரித்தார் என்று தெரியாமலே வளர்ந்தோம்.

இப்போது பாடம் வந்துவிட்டது. பிள்ளையும் படிக்கிறது; சோதனையில் ‘ஏ’ கூட வாங்குகிறது. பிறகு என்ன குறை என்று கேட்பீர்கள். அதே பிள்ளையிடம், “உங்கப்பாவுக்குப் போன மாசம் எவ்வளவு சம்பளம்? அதுல சேமநிதிக்கு எவ்வளவு பிடிச்சாங்க?” என்று கேட்டுப் பாருங்கள். கிளைக் கூட்டங்களுக்குப் போகிற இடமெல்லாம் நாம் கேட்டுப் பார்க்கிறோம். பெரும்பாலும் பிள்ளை விழிக்கிறது. பெற்றவரும் விழிக்கிறார். சம்பளச் சீட்டு அலமாரித் துணிக்கு அடியில் நாலாய் மடித்துக் கிடக்கிறது. புத்தகத்தில் யாரோ ஒரு ‘என்சிக்’கின் சம்பளமும் செலவும் அச்சாகியிருக்கிறது, பிள்ளை அதைக் கூட்டிக் கழித்து விடை எழுதுகிறது. வீட்டில் இருக்கும் உண்மைக் கணக்கைப் பார்க்காமலே பள்ளியை விட்டு வெளியேறுகிறது.

“அண்ணே, வீட்டுக் கஷ்டம் பிள்ளைக்குத் தெரிய வேணாம். அது படிக்கட்டும். காசு விஷயமெல்லாம் பெரியவங்களோட போகட்டும்” என்று சொல்லும் தகப்பன்மார் உண்டு. நல்ல மனசுதான். நாம் அதை மதிக்கிறோம். ஆனால் பிள்ளைக்குத் தெரியாமலா இருக்கிறது? 555 புத்தகத்தை எடுத்துக்கொண்டு கடைக்குப் போய், “அம்மா எழுதிக்கச் சொன்னாங்க” என்று சொல்லி அரிசியும் மீன் டின்னும் வாங்கி வருவது யார்? மாதக் கடைசியில் கடைக்காரர் முகம் கறுப்பதைப் பார்ப்பது யார்? கஷ்டம் பிள்ளைக்கு நன்றாகவே தெரிகிறது. அதன் கணக்குத்தான் தெரியவில்லை. கணக்குத் தெரியாத கஷ்டம் பயமாகவும் வெட்கமாகவும் மனசில் தங்கிவிடுகிறது. பதினேழு வயதில் அந்தப் பிள்ளை பட்டணத்துக்கு வேலைக்குப் போனதும், முதல் சம்பளத்தில் தவணைக்குக் கைப்பேசி எடுத்து அந்த வெட்கத்தை மறைக்கப் பார்க்கிறது.

கணக்குத் தெரியாததால் நம்மவர் பட்டது புதிதல்ல. கங்காணி காலத்தில் தோட்டத்துக் கடை பல இடங்களில் கங்காணி கையில் இருந்தது. பற்று எழுதியவனும் அவனே, சம்பள மேசைக்குப் பக்கத்தில் நின்றவனும் அவனே. நம் பாட்டனும் பாட்டியும் விரல் ரேகை வைத்தார்கள். பழைய கடன் எப்போது தீர்ந்தது, புதுக் கடன் எப்போது ஏறியது என்று அவர்களுக்கு யார் சொல்வது? பின்னாளில் 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தில், சம்பளத்தை இன்ன இடத்தில்தான் செலவழிக்க வேண்டும் என்று எந்த முதலாளியும் நிபந்தனை போடக் கூடாது என ஒரு விதி வந்தது. அந்த விதி இன்றும் இருக்கிறது. படிவம் 5 முடித்த எத்தனை பிள்ளைகளுக்கு இது தெரியும்?

ஆகவே பணப் பாடம் எங்கே தொடங்க வேண்டும் என்று நம்மைக் கேட்டால், சம்பளச் சீட்டில் தொடங்க வேண்டும் என்போம். வங்கியும் பங்குச் சந்தையும் பிறகு வரட்டும்.

ஒரு சீட்டை எடுத்துக்கொள்வோம். மாதச் சம்பளம் 1,700 வெள்ளி என்று வைப்போம். 2025 பிப்ரவரி 1 முதல் ஐந்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களிலும், அதே ஆண்டு ஆகஸ்டு 1 முதல் எல்லா இடங்களிலும் குறைந்தபட்சச் சம்பளமாக வந்த தொகை அது. எடைக் கணக்கிலும் குலைக் கணக்கிலும் வேலை செய்கிறவருக்கும் இது பொருந்தும். இதைப் பிள்ளைக்கு முதலில் சொல்லுங்கள். அடுத்து ‘பொத்தோங்கான்’ என்று போட்டிருக்கும் பிடித்தங்களைப் பாருங்கள். சேமநிதிக்கு 11 விழுக்காடு. அதாவது 187 வெள்ளி. சொக்சோவுக்கும் வேலைக் காப்புறுதிக்கும் இன்னும் சில வெள்ளி. “பிடிச்சிட்டாங்க, பிடிச்சிட்டாங்க” என்று நாம் புலம்புவதோடு சீட்டு மடங்கிவிடுகிறது. அதே சேமநிதிக்கு முதலாளி கட்ட வேண்டியது 13 விழுக்காடு, 221 வெள்ளி. இரண்டும் சேர்ந்து மாதம் 408 வெள்ளி உங்கள் பெயரில் ஏற வேண்டும். அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் அது சேமநிதிக்குப் போய்ச் சேர வேண்டும்.

போய்ச் சேர்ந்ததா என்று பார்ப்பது யார் வேலை? இங்கேதான் பிள்ளை வேண்டும். சேமநிதிக் கணக்கை இப்போது கைப்பேசியிலேயே பார்க்கலாம். ரகசிய எண்ணை மறந்துவிட்டு, “அதெல்லாம் நமக்கு எங்கங்க வருது” என்று விட்டுவிட்ட அண்ணன்மார் பலரை நாம் அறிவோம். மாதம் ஒருமுறை மகனோ மகளோ பக்கத்தில் உட்கார்ந்து, சீட்டில் பிடித்த தொகையும் கணக்கில் ஏறிய தொகையும் சரியா என்று பார்த்தால் ஐந்து நிமிடமும் ஆகாது. குத்தகைக்காரர்களிடம் வேலை செய்கிறவர்கள் இதை மிகவும் கவனிக்க வேண்டும். சம்பளத்தில் பிடித்துக்கொண்டு சேமநிதிக்குக் கட்டாமல் விடுவது குற்றம். பல மாதம் கழித்துக் கண்டுபிடித்து, அதற்குள் குத்தகைக்காரர் கடையைக் கட்டிக்கொண்டு போய்விட்டால், அந்தப் பணத்தைத் துரத்துவது எத்தனை பாடு என்பது சங்கத்துக்காரனுக்குத்தான் தெரியும்.

பிள்ளை இன்னும் சிலவற்றையும் சீட்டிலிருந்து படிக்கலாம். சம்பளக் காலம் முடிந்து ஏழு நாளுக்குள் சம்பளம் தர வேண்டும் என்பது சட்டம். ஒரு மாதப் பிடித்தம் பொதுவாகச் சம்பளத்தில் பாதியைத் தாண்டக் கூடாது என்பதும் சட்டம். மிகைநேரம் எத்தனை மணி, பொதுவிடுமுறையில் வேலை செய்த நாள் எது, அதற்கு என்ன கணக்கு, எல்லாம் அந்தத் தாளில் இருக்கிறது. முன்பெல்லாம் நம் கணக்கு கிராணி ஒருவருக்குத்தான் தெரியும். இன்று வீட்டுக்குள்ளேயே படித்த கிராணி ஒருவர் இருக்கும்போது சும்மா விடலாமா?

இனி அந்த 408 வெள்ளியை வைத்து ஒரு கணக்கு. படிவம் 3 பாடத்தில் ‘ஃபாயெடா கொம்பாவுன்’ என்று படிக்கிறார்களே, கூட்டு வட்டி, அதுதான். மாதம் 408 என்றால் ஆண்டுக்கு 4,896 வெள்ளி. ஆண்டுக்கு 5 விழுக்காடு லாப ஈவு கிடைப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். உறுதியாக இவ்வளவு வரும் என்று யாரும் சொல்ல முடியாது. சட்டப்படி சேமநிதி உத்தரவாதம் தருவது 2.5 விழுக்காடு மட்டுமே. ஆனால் 2023க்கு 5.50, 2024க்கு 6.30 என்று கொடுத்திருக்கிறது. 5 விழுக்காட்டில் 40 ஆண்டு கட்டினால் மொத்தம் ஏறக்குறைய 5 லட்சத்து 90 ஆயிரம் வெள்ளி ஆகிறது. போட்ட பணம் 2 லட்சத்துக்கும் குறைவு. மிச்சமெல்லாம் வட்டி மேல் வட்டி. இதில் பிள்ளைகள் கண்ணில் பட வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது. முதல் பத்து ஆண்டில் போட்ட ஏறக்குறைய 49 ஆயிரம் வெள்ளி, அதன்பின் ஒரு காசு போடாமல் விட்டாலும், நாற்பதாம் ஆண்டில் 2 லட்சத்து 66 ஆயிரம் ஆகியிருக்கும். பதினெட்டு வயதில் முதலாளி, “சேமநிதி வேண்டாமே, கையில் நூறு கூடத் தருகிறேன்” என்று சொன்னால், தலையாட்டும் பிள்ளை இழப்பது எது என்று இந்தக் கணக்கு காட்டும்.

2020 முதல் 2022 வரை பெருந்தொற்றுக் காலத்தில் சேமநிதியிலிருந்து எடுத்துக்கொள்ள அரசாங்கம் நான்கு முறை கதவைத் திறந்தது. நாடு முழுவதும் 14,500 கோடி வெள்ளி வெளியே வந்தது. எடுத்தவர்களை நாம் ஒரு சொல்லும் குறை சொல்ல மாட்டோம். அரிசிப் பானை காலியாக இருக்கும்போது ஐம்பத்தைந்து வயதைப் பற்றி யாரும் பாடம் நடத்தக் கூடாது. ஆனால் 2024 மே மாதம் முதல் சேமநிதியில் மூன்று கணக்குகள் உண்டு. புதிதாகக் கட்டுவதில் 75 விழுக்காடு ஓய்வுக் காலத்துக்கு, 15 விழுக்காடு வீடு, மருத்துவம் போன்றவற்றுக்கு, 10 விழுக்காடு எப்போது வேண்டுமானாலும் எடுக்கக்கூடியது. அந்தப் பத்தை மாதாமாதம் வழித்தெடுப்பது நம் இளைஞர்களிடம் பழக்கமாகி வருகிறது. மோட்டார் டயர் தேய்ந்தது என்று எடுத்தால் பரவாயில்லை. எடுக்கலாம் என்பதற்காகவே எடுப்பதைத்தான் நாம் சொல்கிறோம்.

பாடம் வீட்டுக்கு வராததற்கு இன்னொரு காரணம் மொழி. பிள்ளை மலாயில் படிக்கிறது. ‘ஃபாயெடா’, ‘பின்ஜாமான்’, ‘சாருமான்’, ‘டிவிடென்’ என்று அதற்குத் தெரியும். அம்மாவுக்கு வட்டி தெரியும், கடன் தெரியும், சந்தா தெரியும். இரண்டும் ஒன்றேதான் என்று இரண்டு பேருக்கும் யாரும் சொல்லவில்லை. வட்டிக்கு வட்டி என்றால் என்ன என்று நம் தாய்மார்களுக்கு எந்த ஆசிரியரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அடகுக் கடையில் சங்கிலியை மீட்க முடியாமல் திருப்பித் திருப்பி வைத்தே படித்தவர்கள் அவர்கள். மகளுக்குச் சூத்திரம் தெரியும், தாய்க்கு வலி தெரியும். இருவரும் ஒரே மேசையில் உட்கார்ந்தால் அந்தப் பாடத்துக்கு அதைவிட நல்ல வகுப்பு கிடைக்காது. தமிழ்ப்பள்ளியில் பணிபுரியும் ஆசிரியர்கள், கூட்டு வட்டி, லாப ஈவு, அசல், தவணை என்ற தமிழ்ச் சொற்களை ஆறாம் ஆண்டிலேயே பிள்ளைகள் வாயில் போட்டு அனுப்பினால், இடைநிலைப்பள்ளியில் மலாய்ச் சொல் வரும்போது அது அந்நியமாகத் தெரியாது.

இப்போது கடன் கணக்கு. 6,000 வெள்ளி மோட்டார். “வருசத்துக்குப் பத்து பெர்செண்டுதான் தம்பி, அஞ்சு வருசம்” என்று சொல்வது கடைகளில் பல காலமாகக் கேட்டுவந்த பேச்சு. ஆண்டுக்கு 600, ஐந்தாண்டுக்கு 3,000, மொத்தம் 9,000, மாதம் 150. கேட்கும்போது எளிதாக இருக்கிறது. புத்தகத்தில் இதற்கு ‘சாமா ராத்தா’ வட்டி என்று பெயர். ஆனால் மாதாமாதம் நாம் கட்டக் கட்ட கடன் குறைகிறது அல்லவா? கடைசி ஆண்டில் ஆயிரத்துச் சொச்சம்தான் பாக்கி. வட்டி மட்டும் 6,000க்கே வாங்குகிறார்கள். குறைகிற பாக்கிக்கு வட்டி போட்டுப் பார்த்தால் இது ஆண்டுக்கு 17 விழுக்காட்டுக்கும் மேல் வருகிறது. மோட்டார் வாங்காதே என்று நாம் சொல்லவில்லை. பஸ் வராத தோட்டத்தில் மோட்டார் இல்லாமல் என்ன செய்வது? கையெழுத்துப் போடுவதற்கு முன் “மொத்தம் எவ்வளவு கட்டுவேன்?” என்ற ஒரு கேள்வியைக் கேட்கப் பிள்ளை பழகட்டும்.

இதைவிடக் கொடியது, சுவரிலும் விளக்குக் கம்பத்திலும் எண் ஒட்டிவிட்டுப் போகிறவர்களின் கடன். உரிமம் பெற்ற வட்டிக்கடை, ஈடு இல்லாத கடனுக்கு ஆண்டுக்கு 18 விழுக்காட்டுக்கு மேல் வாங்கக் கூடாது. அதாவது 1,000 வெள்ளிக்கு மாதம் 15 வெள்ளி. மாதம் நூற்றுக்குப் பத்து என்று ஆலோங் கேட்டால் 1,000 வெள்ளிக்கு மாதம் 100 வெள்ளி. ஓர் ஆண்டில் 1,200 வெள்ளி வட்டி கட்டியிருப்பீர்கள், அசல் 1,000 அப்படியே நிற்கும். இந்த ஒரு கணக்கைப் படிவம் 3 பிள்ளை தன் கையால் எழுதிப் பார்த்தால் போதும், சுவரொட்டியைப் பார்த்ததும் ஒதுங்கிப் போகும். ஏற்கெனவே கடனில் சிக்கியவர்கள், வங்கிக் கடனானால், 2006இல் பேங்க் நெகாரா தொடங்கிய கடன் ஆலோசனை நிறுவனமான ஏ.கே.பி.கே.வுக்குப் போகலாம். ஆலோசனைக்குக் காசு இல்லை.

கூட்டுப் பிடிப்பதைப் பற்றியும் கேட்பீர்கள். லயத்துப் பெண்கள் பத்துப் பேர் சேர்ந்து மாதம் நூறு போட்டு ஒருவர் ஒருவராக எடுப்பது நமக்குப் பழைய வழக்கம். எத்தனையோ பிள்ளைகளின் பள்ளிச் சீருடையும், மகள் கல்யாணச் சங்கிலியும் அதில் வந்திருக்கிறது. அதன் மேல் நமக்கு மரியாதை உண்டு. ஆனாலும் 1971இல் கூட்டு நடத்துவதைத் தொழிலாகச் செய்வதற்குத் தடைச் சட்டம் வந்துவிட்டது என்பதையும், தலைவி பணத்தோடு போய்விட்டால் நமக்குக் கையில் ஒரு தாள்கூட இல்லை என்பதையும் பிள்ளைகள் தெரிந்துகொள்ளட்டும். வங்கியில் போட்ட பணத்துக்கு, ஒரு வங்கியில் ஒருவருக்கு 2 லட்சத்து 50 ஆயிரம் வெள்ளி வரை காப்பு இருக்கிறது. கூட்டுக்கு அது கிடையாது.

இவ்வளவும் ஒரு பாதிதான்.

பணப் பாடம் என்று மேடை ஏறுகிறவர்கள் சிலர், “சிக்கனமாக இருங்கள், தினம் ஒரு வெள்ளி உண்டியலில் போடுங்கள், ஏழ்மை போய்விடும்” என்று சொல்லிவிட்டு இறங்கிவிடுகிறார்கள். நமக்கு ஆத்திரம் வருகிறது. நம் தாய்மாரைவிடச் சிக்கனமானவர் இந்த நாட்டில் யார்? ஒரு மத்தி மீன் டின்னில் ஆறு பேருக்குக் குழம்பு வைத்தவர்களிடம் சிக்கனம் பேசலாமா? செலவை அடக்குவது ஒரு கை. வருமானம் ஏன் இவ்வளவாக இருக்கிறது, அதை யார் தீர்மானிக்கிறார்கள் என்று அறிவது மறு கை. அந்த மறு கைக்குப் பெயர்தான் பொருளாதாரம். படிவம் 4இல் அது விருப்பப் பாடம். நம் பிள்ளைகளுக்கு அது வீட்டுப் பாடமாகவே இருக்க வேண்டும்.

ஏனென்றால் அதற்கான பொருள் நம் வீட்டு வாசலிலேயே கிடக்கிறது. 2022 மார்ச் மாதம் செம்பனை எண்ணெய் டன் 7,000 வெள்ளிக்கு மேல் ஏறியது. உக்ரேனில் போர் மூண்டு சூரியகாந்தி எண்ணெய் வருவது நின்றதால், உலகம் நம் எண்ணெயைத் தேடி வந்தது. ஏப்ரல் கடைசியில் இந்தோனேசியா ஏற்றுமதியை நிறுத்தியது. ஒரு மாதம் ஆகுமுன் மறுபடி திறந்தது. செப்டம்பருக்குள் விலை 4,000க்கும் கீழே இறங்கிவிட்டது. இத்தனையும் நடந்தபோது மரத்தில் குலை அறுத்தவர் அதே மரத்தில்தான் அறுத்துக்கொண்டிருந்தார். அந்தக் குலை உயரவும் இல்லை, தாழவும் இல்லை. தேவையும் வரத்தும் விலையை ஏற்றி இறக்குவது எப்படி என்று படம் வரைந்து விளக்கும் ஆசிரியர், இந்த ஒரு வருடக் கதையைச் சொன்னால் தோட்டத்துப் பிள்ளைக்கு உடனே புரியும். விலை ஏறியபோது சம்பளம் எவ்வளவு ஏறியது, இறங்கியபோது மிகைநேரம் எவ்வளவு குறைந்தது என்று வீட்டில் கேட்டுக்கொண்டு வரச் சொன்னால் இன்னும் நன்றாகப் புரியும்.

பங்கு என்றால் என்ன? 1981 செப்டம்பர் 7ஆம் தேதி லண்டன் பங்குச் சந்தையில், சில மணி நேரத்துக்குள், பெர்மோடாலான் நேஷனல் நிறுவனம் கத்ரி கம்பெனியின் பங்குகளை வாங்கிக் குவித்து அதைக் கைப்பற்றியது. வெள்ளைக்காரக் கம்பெனியின் பெருந்தோட்டங்கள் மலேசியாவின் கைக்கு வந்தன. அன்று காலை அந்தத் தோட்டங்களில் பெரட்டு வழக்கம்போல நடந்தது; பால் வழக்கம்போல எடை போடப்பட்டது. மரத்தையும் மண்ணையும் தொடாமலே, ஒரு தாள் கைமாறியதால் உடைமையாளர் மாறிவிட்டார். பங்கு என்பதைப் பிள்ளைக்கு இதைவிடத் தெளிவாக எந்தப் புத்தகம் சொல்லும்?

அதற்கு இருபது ஆண்டு முன்பே நம்மவர்களும் அந்தப் பாடத்தைக் கையில் எடுத்திருந்தார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு வெள்ளைக்காரத் துரைகள் தோட்டங்களை விற்கத் தொடங்கினார்கள். வாங்கியவர்கள் துண்டு துண்டாக்கி விற்றார்கள். வேலையும் போய், குடியிருந்த லயமும் போய் நம்மவர் நடுத்தெருவில் நின்றார்கள். அப்போதுதான் துன் வீ.தி. சம்பந்தன் தோட்டம் தோட்டமாகப் போய், பாட்டாளிகளிடம் மாதம் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்து, 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்தார். சங்கம் முதலில் வாங்கியது கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டம். மரம் வெட்டியவர்களே தோட்டத்தில் பங்குதாரர் ஆனார்கள். எழுதப் படிக்கத் தெரியாத பலர் அதில் பத்து வெள்ளி கட்டியவர்கள்! பங்கு, முதலீடு, லாப ஈவு என்பதெல்லாம் பணக்காரர் சமாசாரம் என்று நினைக்கும் பிள்ளைக்கு, பாட்டியின் பெட்டியில் பழைய சங்கப் பத்திரம் இருந்தால் எடுத்துக் காட்டுங்கள்.

எல்லாப் பங்கும் அப்படி முடியவில்லை என்பதையும் மறைக்க வேண்டாம். 1980களில் சமூகத்தின் பெயரைச் சொல்லி வந்தவர்களை நம்பி, தாலிக்கொடியை அடகு வைத்துப் பங்கு வாங்கியவர்கள் எத்தனையோ பேர். பல ஆண்டு காத்திருந்து, போட்டதும் முழுதாகத் திரும்பாமல் போனார்கள். பெயர் எழுதத் தேவையில்லை. வீட்டில் பெரியவர்களைக் கேட்டால் கதை வரும். ஒரு நிறுவனம் ஆண்டுக் கணக்கை அங்கத்தினருக்குக் காட்டுகிறதா, கேள்வி கேட்டால் பதில் சொல்கிறதா என்று பார்த்த பிறகே பணம் கொடுக்க வேண்டும் என்பதை, பிள்ளைகள் அந்தக் கதையிலிருந்து படிக்கட்டும்.

சம்பளமும் வானத்திலிருந்து விழுவதில்லை. 2013இல் தீபகற்பத்தில் குறைந்தபட்சச் சம்பளம் 900 வெள்ளி. 2016இல் 1,000. 2019இல் 1,100. 2020இல் நகர்ப்புறங்களில் 1,200. 2022இல் 1,500. 2025இல் 1,700. ஒவ்வொரு படிக்கும் முன்னால் வாதாடியவர்கள் இருந்தார்கள், எதிர்த்து வாதாடியவர்களும் இருந்தார்கள். 900 ஏன் 1,700 ஆனது என்று கேட்கும் பிள்ளை, 1,700க்கு இன்று எத்தனை கிலோ மீன் வரும், 900க்கு அன்று எத்தனை வந்தது என்றும் கேட்கும். புத்தகத்தில் அதற்குப் பணவீக்கம் என்று பெயர். அப்படிக் கேட்கத் தெரிந்த பிள்ளை நாளைக்குத் தொழிற்சாலையில் நின்றாலும், கிடங்கில் நின்றாலும், தன் சம்பளத்தைப் பேசத் தெரிந்தவனாக இருப்பான்.

இதில் அவசரம் ஒன்று உண்டு. நம் பிள்ளைகள் பதினெட்டு வயதை எட்டுமுன்பே அவர்களைத் தேடி ஆள் வருகிறது. “உன் பேங்க் கார்டையும் ரகசிய எண்ணையும் கொடு, மாதம் சில நூறு வெள்ளி தருகிறேன், நீ ஒன்றும் செய்ய வேண்டாம்” என்கிறார்கள். கார்டு போகிற இடம் மோசடிக் கும்பல். ஏமாந்தவரின் பணம் அந்தப் பிள்ளையின் கணக்கு வழியாக ஓடுகிறது. போலீஸ் முதலில் தட்டுவது அந்தப் பிள்ளையின் கதவைத்தான். 2024இல் தண்டனைச் சட்டத்தைத் திருத்தி, கணக்கை இப்படி மற்றவர் கையில் கொடுப்பதைத் தனிக் குற்றமாக்கியிருக்கிறார்கள். “எனக்குத் தெரியாது” என்று சொல்லித் தப்புவது கடினம். சில நூறு வெள்ளிக்காகப் பிள்ளையின் பெயர் கெட்டு, வங்கிக் கணக்கே இல்லாமல் நிற்கும் நிலை எந்த வீட்டுக்கும் வரக் கூடாது. மோசடியில் பணம் போய்விட்டது என்று தெரிந்தால் அந்த நிமிடமே 997 என்ற எண்ணுக்கு அழைக்க வேண்டும். இந்த எண்ணைச் சமையலறைச் சுவரில் எழுதி ஒட்டுங்கள்.

ஆகவே நாம் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. சம்பள நாளன்று சாப்பாட்டுக்குப் பிறகு அரை மணி நேரம். சீட்டை மேசையில் விரியுங்கள். பிள்ளையையே வாசிக்கச் சொல்லுங்கள். கடைப் பாக்கி, மோட்டார் தவணை, தண்ணீர், மின்சாரம், பள்ளி பஸ் என்று அதன் கையாலேயே எழுதச் சொல்லுங்கள். பிள்ளை கேள்வி கேட்டால் அதட்டாதீர்கள். அப்பா புட்டிக்குச் செலவழித்ததும் அந்தத் தாளில் வந்துவிடுமே என்று சிலருக்குக் கூச்சம் இருக்கும், வரட்டுமே!

சேமநிதியில் வாரிசுப் பெயர் போட்டிருக்கிறீர்களா என்றும் அன்றைக்கே பாருங்கள். செத்துப்போன அம்மாவின் பெயரையே இன்னும் வைத்திருக்கும் அண்ணன்மார் இருக்கிறார்கள்.

இடைநிலைப்பள்ளிக் கணித ஆசிரியர்களை, படிவம் 4இன் கடைசிப் பாடத்தைச் சோதனைக்கு முன் இரண்டு நாளில் ஓட்டி முடிக்காமல், உண்மையான சம்பளச் சீட்டு ஒன்றைப் பெயரை மறைத்துவிட்டு வகுப்பில் வைத்து நடத்தும்படி கேட்டுக்கொள்கிறோம். சீட்டு வேண்டுமானால் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் கேளுங்கள். தருவதற்குப் பெற்றோர்கள் இருக்கிறார்கள்.

கிளைச் செயலாளர்களுக்கும் ஒரு சொல். வரும் பள்ளி விடுமுறையில் ஒரு மாலை, தோட்டத்து மண்டபத்திலோ கோயில் திடலிலோ, படிவம் 3 முதல் 5 வரை படிக்கும் பிள்ளைகளைப் பெற்றோரோடு கூப்பிடுங்கள். சேமநிதி அலுவலகத்துக்கு எழுதிக் கேட்டால் விளக்கம் சொல்ல ஆள் அனுப்புவார்கள். மூன்று மாதச் சீட்டும், கைப்பேசியும், 555 புத்தகமும் கொண்டு வரச் சொல்லுங்கள். அன்றைக்குச் சந்தா கட்டாத மாதம் எதுவாவது கண்ணில் பட்டால், தேதியோடு குறித்து, சீட்டின் நகலோடு கிளை அலுவலகத்தில் ஒப்படையுங்கள். மற்றதைச் சங்கம் பார்த்துக்கொள்ளும்.